மேகமில்லாத நாளின் வெள்ளம்: ஸ்பிதியின் நிலமும் நடைவழிகளும்

மணாலியிலிருந்து ஸ்பிதிக்குச் செல்லும் வாடகை வண்டி ஓட்டுநர்கள் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் வேலையாகவே படும். சத்ரூ என்ற இடத்தைத் தாண்டிய பிறகுதான் காரணம் விளங்கும். அங்கே சாலையின் குறுக்கே பாயும் மலையோடைகளை ‘நாலா’ என்பார்கள். காலை எட்டு மணிக்குக் கணுக்கால் அளவு நீருடன் சலசலத்துக்கொண்டிருக்கும் நாலா, பிற்பகல் மூன்று மணிக்குக் கற்களை உருட்டிக்கொண்டு வந்து ஒரு காரைப் புரட்டிப் போடும் வேகத்தோடு ஓடும். இடையில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. வானம் முழுக்க நீலமாகவே இருந்திருக்கும். சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் கிடக்கும் பனியின் மேல் வெயில் ஏறியது, அவ்வளவுதான். மந்தாரமான நாளில் உருகல் குறைந்து ஓடை அடங்கிக் கிடக்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் வெள்ளம் வரும்.

மழையைப் பார்த்து வெள்ளத்தைக் கணிக்கப் பழகிய நமக்கு இது தலைகீழ்க் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால், அந்தப் பள்ளத்தாக்கில் ஊர்கள் ஏன் அங்கங்கே மட்டும் இருக்கின்றன, நடைவழிகள் ஏன் அப்படி வளைந்து செல்கின்றன, மலையேற்றக் குழுக்கள் எந்த நேரத்தில் எந்த ஆற்றைக் கடக்கின்றன, சுற்றுலா பெருகியதும் முதலில் எது தட்டுப்பட்டது என்பவற்றுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும். வெறுமையைப் பார்ப்பதற்காகவே பலர் ஸ்பிதிக்குப் போகிறார்கள். அங்கே அப்படி வெறுமையாகக் கிடக்கும் நிலம் எதுவும் இல்லை; ஒவ்வொரு ஓடையின் நீரும் யாருக்கோ கணக்கு வைக்கப்பட்டது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல விழைவது.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் கிழக்குப் பகுதிதான் ஸ்பிதி. 1960இல் பஞ்சாபின் தனி மாவட்டமாக உருவாகி, 1966 நவம்பர் 1ஆம் நாள் இமாசலத்தோடு இணைந்த இந்த மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 13,800 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 31,564. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர் என்று வகுத்துச் சொல்வது வழக்கம் என்றாலும், அந்த இரண்டு பேரும் பரவி வாழ்வதில்லை. நீர் இறங்கும் இடங்களில் நெருங்கி வாழ்கிறார்கள், மற்ற இடங்களில் ஒருவரும் இல்லை. ஸ்பிதி என்ற பெயருக்கு ‘நடுநிலம்’ என்று பொருள் சொல்வார்கள். திபெத்துக்கும் இந்தியச் சமவெளிகளுக்கும் நடுவில் இருப்பதால் வந்த பெயர். வட்டாரத்தின் தலைமையிடமான காஜா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் உள்ள ஊர்கள் 4,000 மீட்டரையும் தாண்டியவை.

இவ்வளவு உயரத்தில், இவ்வளவு பனிமலைகளுக்கு நடுவில் பாலை எப்படி வந்தது? தென்மேற்குப் பருவக்காற்று காங்க்ராவிலும் குலுவிலும் கொட்டித் தீர்த்த பிறகு, பீர் பஞ்சால் தொடரும் அதற்குப் பின்னால் உள்ள பெரிய இமயத் தொடரும் அதை வழிமறிக்கின்றன. அவற்றைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. ஸ்பிதிக்கு வரும் நீரில் பெரும்பகுதி குளிர்காலத்தில் மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து, வரும் காற்றுச் சுழற்சிகள் கொண்டுவரும் பனி. அதாவது இங்கே ஜனவரியில் விழுந்ததுதான் ஜூலையில் ஓடுகிறது. கோடையின் பயிர் முந்திய குளிர்காலத்தின் சேமிப்பில் விளைகிறது. அந்தச் சேமிப்பு குறைந்துபோன ஆண்டில் பருவமழை வந்து ஈடுகட்டாது.

ஸ்பிதி ஆறு குன்ஸும் தொடரில் பிறந்து தென்கிழக்காக இறங்கி, கின்னௌர் மாவட்டத்தில் காப் என்னும் இடத்தில் சட்லெஜ் ஆற்றில் கலக்கிறது. சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்ஸும் கணவாய் ஒரு நீர்ப்பிரிவு. அதற்கு மேற்கே விழும் பனி சந்திரா ஆறாகிச் செனாபுக்குப் போகிறது, கிழக்கே விழுவது ஸ்பிதி வழியாகச் சட்லெஜுக்குப் போகிறது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பிதிப் பயணப் படங்களில் தவறாமல் இடம்பெறும் சந்திரதால் ஏரி கணவாய்க்கு மேற்கே இருக்கிறது. அதன் நீர் ஒரு துளிகூட ஸ்பிதி ஆற்றுக்கு வருவதில்லை.

மேற்பகுதியில், லோசரிலிருந்து தங்கர் வரை, ஆறு அகன்ற சரளைப் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் சடைசடையாக ஓடுகிறது. கீழே போகப் போகப் பள்ளத்தாக்கு ஒடுங்கி, சும்தோவுக்குக் கீழே செங்குத்தான இடுக்காகிவிடுகிறது. இடையில் ஆத்தர்கு, மானே, கியோட்டோ போன்ற இடங்களில் ஆற்றங்கரைச் சரிவுகளில் மெல்லிய, கிடையான களிமண் அடுக்குகளைக் காணலாம். நிலச்சரிவுகள் ஆற்றை மறித்தபோது உருவாகி, பின்னர் உடைந்து வடிந்துபோன பழைய ஏரிகளின் அடிவண்டல் அவை. ஆறு அடைபட்டு ஏரியாவதும் ஏரி உடைந்து ஆறாவதும் இங்கே பலமுறை நடந்த கதை என்பதை அந்த அடுக்குகளே காட்டுகின்றன. ஸ்பிதியின் பழைய தலைநகரான தங்கரில், பின் என்ற கிளையாறு வந்து ஸ்பிதியோடு கலப்பதை நேர் கீழே பார்க்கும்படி, மண்ணும் கூழாங்கல்லும் இறுகிய அரிப்புத் தூண்களின் மேல் மடாலயம் நிற்கிறது. நின்றுகொண்டிருக்கும் அடித்தளமே கரைந்துகொண்டிருப்பதால், 2006இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அதனை உலகில் பேரழிவு அபாயத்தில் உள்ள நூறு இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

பாறைகளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மரமோ புல்லோ மறைக்காத நிலத்தில் பாறையே காட்சி. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் மோதத் தொடங்குவதற்கு முன்னால், இரண்டுக்கும் இடையே டெத்திஸ் என்ற கடல் இருந்தது. அதன் தென்கரையோரம் படிந்த வண்டல் அடுக்குகள் ஏறத்தாழத் தொடர்ச்சியாக மேலே தூக்கப்பட்டு நிற்கும் இடங்களில் ஸ்பிதி முதன்மையானது. இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்ஸ்கா 1860களில் இங்கே வந்து அடுக்குகளைப் பிரித்து விவரித்தார். அவருக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் பெயர் வைக்க அருகிலிருந்த ஊர்களே உதவின. பின் பள்ளத்தாக்கின் கடைசி ஊரான மூத், வெண்ணிறக் குவார்ட்சைட் அடுக்கு ஒன்றுக்குப் பெயர் தந்தது. அதே பள்ளத்தாக்கின் குலிங், மேட்டுநிலத்தின் கியுமல், கிப்பருக்கு அடுத்துள்ள சிச்சம் என இருபது, முப்பது வீடுகள் கொண்ட ஊர்களின் பெயர்கள் நிலவியல் நூல்களில் இமயத்தின் பிற பகுதிகளின் பாறைகளுக்கும் வழங்குகின்றன. அதே ஸ்டோலிச்ஸ்காதான் அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கிரெட்டேசியஸ் காலக் கடலுயிரிப் புதைபடிவங்களையும் விரிவாக ஆராய்ந்து எழுதியவர். யார்க்கண்டுக்குச் சென்ற அரசுக் குழுவோடு திரும்பும் வழியில், 1874இல், லடாக்கில் உயர நோயால் இறந்தார்.

லாங்சா ஊருக்குக் கீழே உள்ள கரும் ஷேல் சரிவில் ஏறி இறங்கினால் அந்தக் கடல் கைக்கே வந்துவிடும். ஷேல் கல் விரலால் நசுக்கினாலே செதில் செதிலாக உதிரும். அதற்குள் கெட்டியான கரிய உருண்டைகள் கிடக்கும். சிலவற்றைத் தட்டினால் சரிபாதியாகப் பிளந்து, ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் ஓட்டின் பதிவை ஒரு பாதியிலும் அதன் அச்சை மறு பாதியிலும் காட்டும். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய உயிர் அது. சாளக்கிராமம் என்று வைணவர்கள் பூசையில் வைக்கும் கல்லும் இதே இனத்து ஓட்டின் பதிவுதான். பயணிகளுக்கு ஊர்ப்பிள்ளைகள் இவற்றை விற்கத் தொடங்கியதும், சரிவில் தானாக உதிர்ந்து கிடந்தவை போய்த் தோண்டி எடுப்பது தொடங்கியது. இன்று ஊர்களே இதற்குத் தடை போட்டுள்ளன. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருவதுதான் முறை.

இந்த நிலத்தில் வேளாண்மை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நடைவழிகளைப் பற்றிப் பேச முடியாது. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. வயல்களோ மேட்டில் இருக்கின்றன. எனவே ஸ்பிதியின் மக்கள் ஆற்றை நம்பவில்லை. மேலே பனிப்படுகையின் வாயிலிருந்தே வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தார்கள். ‘குல்’ எனப்படும் இந்த வாய்க்கால்களில் சில பத்து கிலோமீட்டர் நீளமுள்ளவை. சரிவின் இடுப்பை ஒட்டி, கற்கள் அடுக்கி, சாய்மானம் கூடிவிடாமலும் குறைந்துவிடாமலும் வளைந்து வருபவை. வாய்க்கால் ஊரை எட்டும் இடத்தில் ஒரு வட்டக் குளம் இருக்கும். இரவெல்லாம் வரும் நீரை அதில் தேக்கி, காலையில் மடை திறந்து, முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். மாலைக்குள் குளம் காலியாகும், மடையை அடைப்பார்கள், மறுபடியும் இரவு நிரம்பும். பகலில் உருகிய பனி வாய்க்கால் வழியே ஊர்வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. நாலாவைக் கடக்க விடியற்காலையைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுநரும் குளத்து மடையை மாலையில் அடைக்கும் உழவரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறார்கள்.

நீருக்கு உரிமை ஊரை நிறுவிய பெரிய வீடுகளுக்கு. வீடும் நிலமும் நீர்முறையும் மூத்த மகனுக்குப் போக, இளையவர்கள் மடாலயத்தில் சேர்வது பழைய வழக்கம். நிலம் துண்டாகாமலும் குடும்பங்கள் பெருகாமலும் அது காத்தது. கீ, தங்கர், தாபோ மடாலயங்களைக் கலைக்காக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த நீர்க்கணக்கைத் தவறவிடுகிறார்கள். 996ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாபோவின் சுவரோவியங்கள் ஆயிரம் ஆண்டு தாங்கியதற்கு வறட்சியும் ஒரு காரணம் என்பது நினைவில் வைக்கத்தக்கது. மண்சுவரும் மண்கூரையும் பனியைத் தாங்கும். விழுந்த பனியை மண்வாரியால் தள்ளிவிடலாம். பொழியும் மழையை அவை தாங்கா. பார்லியும் கறுப்புப் பட்டாணியும் விளைந்த வயல்களில் இப்போது பச்சைப் பட்டாணியே பெரும்பான்மை. சமவெளிச் சந்தைகளில் பட்டாணி இல்லாத ஆகஸ்டு மாதத்தில் இங்கே அறுவடையாவதால் நல்ல விலை போகிறது.

ஸ்பிதிக்குச் செல்ல இரண்டு சாலைகள் உண்டு. இரண்டும் ஒரே ஊரில் முடிந்தாலும் உடலுக்கு அவை ஒன்றல்ல. மணாலி வழி குறுகியது. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயின் ஏற்றத்தைத் தவிர்த்துவிட்டது. காலையில் 2,000 மீட்டரில் கிளம்பியவர் அன்றைக்கே குன்ஸும் கணவாயைக் கடந்து, மாலையில் காஜாவில் படுக்கிறார். தூங்கும் உயரம் ஒரே நாளில் 1,600 மீட்டர் கூடிவிடுகிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் தூங்குமிடத்தை உயர்த்தாமல் இருப்பதே மலை மருத்துவத்தின் பொது விதி. மணாலி வழி அந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை. சிம்லா வழி 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆனால் கல்பா, நாக்கோ, தாபோ என்று படிப்படியாக ஏறி, நாக்கோவின் 3,600 மீட்டருக்குப் பிறகு தாபோவில் சற்றே இறங்கி, மறுபடி ஏறுகிறது. அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலையும்கூட. மணாலி வழியோ ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரைதான்.

காஜாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயர நோய் சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் நிலைக்குப் போகும். அதற்கு உறுதியான மருந்து உடனே கீழே இறங்குவதே. இங்கேதான் ஸ்பிதியின் நிலவமைப்பு பாதகமாக நிற்கிறது. காஜாவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் விரைவாக இறங்க வழியில்லை. மேற்கே போனால் கணவாய், அது இன்னும் உயரம். கிழக்கே ஆற்றோடு போனால் மணிக்கணக்கில் ஓட்டினாலும் சில நூறு மீட்டர்தான் இறங்கியிருப்போம். நடுவில் நாக்கோவை ஒட்டி மறுபடி ஏற வேண்டும். முதல் இரண்டு நாள் காஜாவிலோ தாபோவிலோ சும்மா இருப்பதை நேர விரயமாகக் கருதி, வந்த மறுநாளே கோமிக்குக்கு ஓடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

கோமிக் என்றதும் நினைவுக்கு வருவது அந்தப் பலகை. வண்டி போகும் சாலையால் இணைக்கப்பட்ட, உலகிலேயே உயரமான கிராமம் என்று அதில் எழுதியிருக்கும். உயரம் சுமார் 4,587 மீட்டர். பெரு நாட்டின் லா ரின்கொனாடா சுரங்க ஊர் 5,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கும் வண்டி போகிறது. ஹிக்கிமில் 1983 முதல் இயங்கும் அஞ்சல் நிலையம், சிச்சம் பள்ளத்தின் மேல் 2017இல் திறக்கப்பட்ட பாலம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ‘உலகிலேயே’ அல்லது ‘ஆசியாவிலேயே’ ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பாலம் வருவதற்கு முன் சிச்சம் மக்கள் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் ஏறி, கயிற்றைக் கையால் இழுத்து அந்தப் பிளவைக் கடந்தார்கள் என்பது எந்தப் பட்டத்தையும்விடச் சுவையான செய்தி. அகலம் கொஞ்சம்தான், ஆழமோ நூறு மீட்டருக்கு மேல்.

மலையேற்ற நடைக்கு வருவோம். ஸ்பிதியில் ‘சாகச விளையாட்டு’ என்று விளம்பரப்படுத்தப்படுபவை பல. மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, படகு, நட்சத்திரம் பார்த்தல் என்று பட்டியல் நீளும். நிலத்தை உள்ளபடி காட்டுவது நடை ஒன்றே என்பது என் கருத்து. அதிலும் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பின்–பாபா நடையைச் சொல்வேன். கின்னௌரின் காஃப்னுவிலிருந்து தேவதாரும் பூர்ஜ மரமும் அடர்ந்த காட்டின் ஊடே ஏறி, ஆடு மேய்ப்பவர்கள் கோடையில் தங்கும் பசும்புல் மேடுகளைக் கடந்து, நான்காம் நாளில் சுமார் 4,900 மீட்டர் உயரமுள்ள பாபா கணவாயை அடைகிறார்கள். அங்கே நின்று பின்னால் திரும்பினால் பச்சையும் அதன் மேல் ஊர்ந்து வரும் முகிலும். முன்னால் பார்த்தால் செம்மண்ணும் காவியும் ஊதாவுமாக மொட்டைச் சரிவுகள். பருவக்காற்று எங்கே நிற்கிறது என்பதை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள்; இங்கே அந்தக் கோட்டின் மேலேயே கால் வைத்து நிற்கலாம். இறங்குவது மூத் ஊருக்கு. பார்வதிப் பள்ளத்தாக்கிலிருந்து 5,319 மீட்டர் உயரமுள்ள பின்–பார்வதி கணவாய் வழியே வரும் கடினமான நடையும் இதே ஊரில்தான் முடிகிறது. அதில் பனியாற்றின் வெடிப்புகளைக் கயிறு கட்டிக் கடக்க வேண்டியிருக்கும்.

கிப்பரிலிருந்து வடக்கே செல்லும் பராங் லா நடை வேறு வகை. இது ஸ்பிதி மக்கள் லடாக்குக்கும் திபெத்துக்கும் வணிகம் செய்யப் போன பழைய பாதை. அந்த வணிகத்தின் எச்சமாக லடார்ச்சா திருவிழா இன்றும் ஆகஸ்டில் காஜாவில் நடக்கிறது. முன்பு அது கிப்பருக்கு மேலுள்ள மேய்ச்சல் வெளியில் கூடிய சந்தை. சுமார் 5,580 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிப் பனியாற்றின் மேல் இறங்கினால், அதன் வாயிலிருந்து ஒரு சிறு ஓடை புறப்படுவதைப் பார்க்கலாம். அதன் பெயர் பாரே சூ. அடுத்த சில நாட்களுக்கு அதன் கரையோடுதான் நடை. நோர்பு சும்தோவில் அதைக் கடந்து, 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள சோ மோரிரி ஏரியை நோக்கி நடப்பவர்கள் இடுப்பளவு குளிர்ந்த நீரில் கைகோத்து இறங்குவார்கள், அதுவும் அதிகாலையில்தான்.

அங்கே நம்மை விட்டுப் பிரியும் பாரே சூ, எல்லை தாண்டித் திபெத்துக்குள் போய், பெரிய வளைவு எடுத்து, மறுபடி இந்தியாவுக்குள் நுழைந்து சும்தோவில் ஸ்பிதி ஆற்றோடு கலக்கிறது. கணவாயின் வடக்கே கிளம்பிய நீர் தெற்கே அதே பள்ளத்தாக்குக்கே திரும்பிவிடுகிறது. 2004இல் திபெத் பகுதியில் ஒரு நிலச்சரிவு அதை மறித்து ஏரியாக்கியது. 2005 ஜூன் 26 அன்று அது உடைந்தபோது, ஸ்பிதியின் கீழ்ப்பகுதியிலும் சட்லெஜ் நெடுகிலும் பாலங்களும் சாலைகளும் அடித்துச் செல்லப்பட்டன. கியோட்டோவின் களிமண் அடுக்குகள் சொல்லும் பழங்கதை நம் காலத்திலும் ஒருமுறை நடந்தது.

கிப்பருக்கு மேலே எழும் கனமோ சிகரம் ஏறத்தாழ 5,970 மீட்டர். கயிறோ பனிக்கோடரியோ இல்லாமல் கோடையில் ஏறிவிடலாம் என்பதால் ‘எளிது’ என்று பெயர் வாங்கிவிட்டது. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதிதான். உதிர்கற்களின் மேல் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும் சரிவு அது; எளிது என்ற சொல்லைக் கேட்டுக் கிளம்பியவர்களில் பலர் பாதியில் திரும்புகிறார்கள்.

குளிர்காலச் சுற்றுலா புதிது. அது வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. ஜனவரி முதல் மார்ச் வரை, வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது, இருபத்தைந்து பாகை வரை இறங்கும் நாட்களில், நீலச் செம்மறிகளும் ஐபெக்ஸ் மலையாடுகளும் தாழ்வான சரிவுகளுக்கு மேய வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து பனிச்சிறுத்தை வருகிறது. 2024 ஜனவரியில் வெளியான முதல் தேசிய மதிப்பீடு இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன என்றது. அதில் இமாசலத்தின் பங்கு 51. முன்பு கொட்டிலில் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும் எதிரியாகவே அது பார்க்கப்பட்டது. மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் துணையோடு, கிப்பர் மக்கள் 1990களின் இறுதியில் தங்கள் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியைக் காட்டு விலங்குகளுக்காக விட்டுக்கொடுத்தார்கள். 2002இல் கால்நடைகளுக்கு ஊரே நடத்தும் காப்பீடு தொடங்கியது. இன்று தொலைநோக்கியோடு சரிவைத் துழாவி விலங்கைக் காட்டித் தருகிறவர்கள் அதே ஊர் இளைஞர்கள். மற்றொரு பக்கம், காஜாவில் உறைந்த திடலில் ஐஸ் ஹாக்கி பரவியது. 2022 ஜனவரியில் தேசிய மகளிர் போட்டி அங்கேயே நடந்தது.

1990களின் தொடக்கம் வரை வெளிநாட்டவருக்கு மூடிக் கிடந்த பள்ளத்தாக்கு இது. இப்போது கோடையில் வரும் கூட்டத்தின் சுமை எங்கே விழுகிறது என்று பார்த்தால், குப்பைக்கும் முன்னால் நிற்பது கழிப்பறை. ஸ்பிதி வீட்டின் கழிப்பறைக்கு நீர் தேவையில்லை. மாடியில் ஒரு சிறு அறை, தரையில் ஒரு துளை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வாரி. போனவர் ஒரு வாரி மண்ணைத் தள்ளிவிட்டு வருவார். கீழ் அறையில் சேர்வது மக்கி, வசந்தத்தில் வயலுக்கு எருவாகும். மரமற்ற நிலத்தில் சாணம் அடுப்புக்குப் போவதால், வயலுக்கு இந்த எரு இன்றியமையாதது. விருந்தினர் கேட்கிறார்கள் என்று பீங்கான் கழிப்பறை வைத்தால் நீர் கூடுதலாகச் செலவாகிறது, கழிவுநீருக்குக் குழி வேண்டியிருக்கிறது, எருவும் போய்விடுகிறது. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிப்பது தனி. குல் வாய்க்காலின் நீர் வயலுக்கா, விடுதித் தொட்டிக்கா என்ற கேள்வி இப்படித்தான் ஊருக்குள் வந்தது. ஹோம்ஸ்டே வைத்திருக்கும் பல வீடுகள் உலர்கழிப்பறையையே விடாப்பிடியாக வைத்திருப்பது பிற்போக்கு அல்ல, கணக்குத் தெரிந்த செயல்.

2005இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சந்திரதாலின் கரையில் கூடாரம் அடிக்க இன்று தடை. முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளியே உள்ளன. 1987இல் பின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவும், 2009இல் அதையும் கிப்பர் சரணாலயத்தையும் சந்திரதாலையும் உள்ளடக்கிய குளிர்பாலை உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் அந்தக் காப்பகம் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் சேர்ந்தது. இவை மேலிருந்து வந்த ஏற்பாடுகள். 2020இல் பெருந்தொற்றின்போது பள்ளத்தாக்கைச் சுற்றுலாவுக்கு மூடி வைப்பதென்று உள்ளூர் மக்களே முடிவெடுத்து, வருமானத்தை இழந்து அதைக் காப்பாற்றியது வேறு வகை. வானிலையும் அவ்வப்போது தன் முடிவைத் தானே எடுக்கிறது. 2023 ஜூலையில் எதிர்பாராத மழையும் பனியும் சாலையை அடைத்தபோது, சந்திரதால் முகாம்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் நாள்கணக்கில் சிக்கினார்கள். பனியை வெட்டிச் சாலை திறந்த பிறகே அவர்களை மீட்க முடிந்தது.

அக்டோபர் பிற்பகுதியில் கணவாய் மூடும் வேளை வரும். பாதல் என்ற இடத்தில் கோடை முழுவதும் ராஜ்மாவும் சோறும் போட்ட தாபாக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார்கள். லோசரில் கூரை விளிம்புகளில் விறகும் முட்செடிக் கட்டுகளும் வரிசையாக அடுக்கியாகியிருக்கும். அந்த வாரத்தில் மணாலிக்குத் திரும்பும் கடைசி வண்டிகள் எந்த நேரத்திலும் கிளம்பலாம். பிற்பகல் மூன்று மணிக்கும் நாலா எழும்பாது, கற்களுக்கு இடையில் கண்ணாடித் தகடு போல உறைந்து கிடக்கும்.